சி.ஆர்.பி. ஏன் உயரவில்லை? ஐஎல்-6 ஏற்பியைப் பற்றி

மூட்டுகளைத் தாக்கும் அழற்சி நோயான முடக்குவாதம் உள்ள அம்மாவின் மருத்துவக் கோப்பில், சி.ஆர்.பி. (உடலில் அழற்சியோ தொற்றோ இருக்கும்போது இரத்தத்தில் உயரும் புரதம்) மதிப்புகளை மட்டும் தனித் தாள் ஒன்றில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். 2018ஆம் ஆண்டில் 41, 58, 63 என்று ஏறிக்கொண்டே போன எண்கள், 2019 ஜூலைக்குப் பிறகு 3, 1, 0.5 என்று இறங்கி இடையில் ஒருமுறை தவிர அங்கேயே தங்கிவிட்டன. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருந்தால் இயல்பு என்று ஆய்வகச் சீட்டின் ஓரத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த வரிசையில் 2023 டிசம்பர் 11 என்ற தேதிக்கு எதிரே 1.8 என்று எழுதியிருக்கிறது. அன்றைக்கே அம்மாவின் வலது நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா தொடங்கியிருந்தது என்பது மூன்று நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்று பணியிலிருந்த மருத்துவர் 1.8 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, கிருமித் தொற்று ஏதும் இல்லை, சாதாரணச் சளிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மாவுக்குக் காய்ச்சலும் இல்லை. "உடம்பு சுடல, ஆனா மூச்சு இழுக்கப் பத்தலம்மா" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். கல்லூரியில் பதினான்கு ஆண்டுகளாக உயிர்வேதியியல் பாடம் எடுத்து வருகிற நான், அந்த எண் ஏன் உயர முடியாது என்பதை வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டியவள். ஆனால் அந்த அறையில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அதுதான். முதல் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணுவைப் பற்றி, வகுப்பில் சொல்வதைவிடச் சற்று நிதானமாக இங்கே எழுத விரும்புகிறேன்.

அந்த மரபணுவின் பெயர் ஐஎல்6ஆர். முதல் குரோமோசோமின் நீள்கரத்தில் 1க்யூ21 என்று குறிக்கப்படும் பகுதியில் இருக்கிறது. சி.ஆர்.பி.யை உருவாக்கும் மரபணுவும் அதே கரத்தில், சற்றுத் தள்ளி 1க்யூ23இல் இருக்கிறது. ஐஎல்6ஆர் மரபணுவிலிருந்து உருவாவது இண்டர்லூகின்-6 என்ற சைட்டோகைனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதம். சைட்டோகைன்கள் ஒரு செல் மற்றொரு செல்லுக்கு அனுப்பும் புரதச் செய்திகள். இண்டர்லூகின்-6, தொற்றோ காயமோ ஏற்பட்டதும் முதலில் வெளிவரும் செய்திகளுள் ஒன்று. அதன் மரபணு 1986இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் தோஷியோ ஹிரானோ, ததாமிட்சு கிஷிமோட்டோ ஆகியோரின் குழுவால் கண்டறியப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1988இல், கிஷிமோட்டோவின் குழு அதன் ஏற்பியையும் கண்டுபிடித்தது. அதே ஆண்டில்தான், முடக்குவாத நோயாளிகளின் மூட்டு நீரில் இண்டர்லூகின்-6 மிக அதிகமாக இருப்பதையும் ஹிரானோ காட்டினார். ஆகவே அம்மாவின் விரல் கணுக்களோடு இந்த மரபணுவுக்கு உள்ள தொடர்பு, அது அறிமுகமான நாளிலிருந்தே உள்ள தொடர்பு.

ஏற்பி 468 அமினோ அமிலங்களாலான புரதம். அதன் பெரும்பகுதி செல்லுக்கு வெளியே நிற்கிறது. ஒரு சிறு துண்டு செல் சவ்வை ஊடுருவுகிறது. 82 அமினோ அமிலங்களே கொண்ட ஒரு வால் உள்ளே தொங்குகிறது. ஏற்பி என்றால் வெளியே செய்தியைப் பிடித்து உள்ளே வேலையைத் தொடங்கிவைக்க வேண்டும் என்பது பொது எதிர்பார்ப்பு. இந்த வாலில் அப்படிப்பட்ட உறுப்பு ஒன்றுமே இல்லை. 1989இல் ஒசாகா குழு அந்த வாலை அடியோடு நீக்கிப் பார்த்தது. அப்போதும் செய்தி செல்லுக்குள் போய்ச் சேர்ந்தது. வேலையைச் செய்வது இந்த ஏற்பி அல்ல, அதன் அருகில் வந்து சேரும் ஜிபி130 என்ற இன்னொரு புரதம் என்பது அவ்வாறுதான் தெரியவந்தது. இண்டர்லூகின்-6, அதன் ஏற்பி, ஜிபி130 ஆகிய மூன்றும் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஆறு மூலக்கூறுகள் கொண்ட ஒரு கட்டமைப்பாக நிற்பதை 2003இல் படிக ஆய்வு காட்டியது. அது அமைந்தவுடன் செல்லுக்குள் ஜாக் என்ற நொதிகள் விழிக்கின்றன, அவை ஸ்டாட்3 என்ற புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன, ஸ்டாட்3 உட்கருவுக்குள் சென்று மரபணுக்களை இயக்குகிறது.

ஜிபி130 உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இருக்கிறது. ஆனால் அதற்கு இண்டர்லூகின்-6இன் மொழி தெரியாது. தனியாக வரும் இண்டர்லூகின்-6ஐ அது பற்றிக்கொள்வதே இல்லை. அந்த மொழி தெரிந்தது ஐஎல்6ஆர் ஏற்பிக்கு மட்டுமே. ஆனால் அந்த ஏற்பிக்கு வேலை செய்யத் தெரியாது. வகுப்பில் நான் இதைத் துபாஷி (இரு தரப்புக்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளர்) என்ற பழைய சொல்லால் விளக்குவேன். துபாஷி ஆணையிடுவதில்லை, வேலையும் செய்வதில்லை. அவர் இல்லாத வீட்டில் ஆணை போய்ச் சேராது, அவ்வளவே. இந்தத் துபாஷி நிரந்தரமாக அமர்ந்திருக்கும் வீடுகள் குறைவு: கல்லீரல் செல்களும் சில வெள்ளணுக்களுமே முக்கியமானவை.

கல்லீரலில் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இண்டர்லூகின்-6 வந்து சேர்ந்ததும் கல்லீரல் தன் உற்பத்திப் பட்டியலையே மாற்றுகிறது. அல்புமின் குறைகிறது. சி.ஆர்.பி., சீரம் அமிலாய்டு ஏ, ஃபைப்ரினோஜென் ஆகியவை கூடுகின்றன. கடும் தொற்றில் சி.ஆர்.பி. ஆயிரம் மடங்கு வரை உயரக்கூடும். கூடவே ஹெப்சிடின் என்ற சிறு ஹார்மோனும் கூடுகிறது. ஹெப்சிடின் குடல் செல்களிலும் இரும்பைச் சேமித்து வைக்கும் செல்களிலும் உள்ள வாயிலை அடைத்துவிடுவதால், உடலில் இரும்பு இருந்தும் அது எலும்பு மஜ்ஜைக்கு எட்டுவதில்லை. கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் செய்யும் தற்காப்பு ஏற்பாடு இது என்று கருதப்படுகிறது. ஆனால் அழற்சி பல மாதங்கள் நீடித்தால் இதே ஏற்பாடு இரத்தசோகையாகிவிடுகிறது. 2018இல் அம்மாவின் ஹீமோகுளோபின் 8.9க்கு இறங்கியிருந்தது. ஓராண்டு முழுவதும் இரும்பு மாத்திரையும் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொடுத்தோம்; எண் அசையவில்லை. ஏற்பியைத் தடுக்கும் மருந்து தொடங்கிய நான்கே மாதத்தில், இரும்பு மாத்திரையை நிறுத்திய பிறகும், அது 11.6 ஆயிற்று. முடக்குவாதம் என்றால் மூட்டு மட்டுமே என்று நினைத்திருந்த எங்கள் வீட்டுக்கு, அழற்சி என்பது உடல் முழுவதையும் தழுவிய நிலை என்று புரியவைத்தது அந்த ஹீமோகுளோபின் எண்தான்.

இனி இந்த ஏற்பியின் மற்றொரு வடிவம். செல்லின் மேல் நிற்கும் ஏற்பியை ஆடம்17, ஆடம்10 என்ற நொதிகள் சவ்வை ஒட்டிய இடத்தில் வெட்டிவிடுகின்றன. வெளிப்பகுதி முழுமையாகக் கழன்று இரத்தத்தில் மிதக்கத் தொடங்குகிறது. சவ்வை ஊடுருவும் துண்டே இல்லாத வடிவத்தையும் மரபணு நேரடியாகச் சிறிதளவு உருவாக்குகிறது. மற்ற பல சைட்டோகைன்களில் இப்படி மிதக்கும் ஏற்பி, செய்தியை நடுவழியிலேயே பிடித்து வீணாக்கிவிடும்; டி.என்.எஃப். என்ற மற்றொரு சைட்டோகைனின் ஏற்பியை அடிப்படையாகக் கொண்டு மருந்தே செய்திருக்கிறார்கள். இங்கே நிலைமை வேறு. மிதக்கும் ஐஎல்6ஆர், இண்டர்லூகின்-6ஐச் சுமந்துகொண்டு போய், சொந்தத் துபாஷி இல்லாத எந்தச் செல்லின் ஜிபி130இலும் அமர்ந்து செய்தியைச் சேர்த்துவிடுகிறது. இரத்தக்குழாயின் உட்சுவர், மூட்டுறையின் செல்கள் என, இண்டர்லூகின்-6க்குச் செவிசாய்க்காமல் இருந்தவை எல்லாம் அப்போது செவிசாய்க்கின்றன. ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபான் ரோஸ்-ஜான் பல பத்தாண்டுகளாக உழைத்து நிறுவிய கருத்து இது. மூட்டுக்குள் வந்து குவியும் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் தங்கள் மேல் உள்ள ஏற்பியை உதிர்க்கின்றன. அதனால் மூட்டுறை விழிக்கிறது. அது மேலும் வெள்ளணுக்களை அழைக்கிறது. காலையில் எழுந்ததும் சட்டையின் ஊசியை மாட்ட முடியாமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் விரல்களை நாற்பது நிமிடம் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்த நாட்களுக்குப் பின்னால் இருந்தது இந்தச் சுழற்சிதான்.

இந்த இடத்தில் ஒரு கேள்வியை எப்போதும் மாணவர்களிடம் கேட்பேன். மிதக்கும் ஏற்பி அழற்சியைப் பரப்புகிறது என்றால், பிறவியிலேயே அது அதிகமாக உள்ளவர்களுக்கு அழற்சி கூடுமா, குறையுமா? கூடும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன்.

அப்படிப்பட்டவர்கள் உலகில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஏற்பியின் 358ஆவது இடத்தில் ஆஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பதிலாக அலனின் வரும் மரபணு வேறுபாடு அது; ஐரோப்பிய வம்சாவளியினரில் அந்த மரபணுவின் நூறு பிரதிகளில் ஏறத்தாழ நாற்பது இந்த வகை. வெட்டு விழும் இடத்தை ஒட்டியே 358 இருப்பதால், அலனின் வடிவம் எளிதாகக் கழன்றுவிடுகிறது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் திரட்டிய ஒரு பன்னாட்டு ஆய்வு 2012இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அலனின் வடிவத்தின் ஒவ்வொரு பிரதிக்கும் இரத்தத்தில் மிதக்கும் ஏற்பி 34.3 விழுக்காடு கூடியிருந்தது, இண்டர்லூகின்-6 14.6 விழுக்காடு கூடியிருந்தது. ஆனால் சி.ஆர்.பி. 7.5 விழுக்காடு குறைந்திருந்தது. இதயத் தமனி நோய்க்கான வாய்ப்பும் 3.4 விழுக்காடு குறைந்திருந்தது. முடக்குவாதம் வரும் வாய்ப்பும் இவர்களுக்குச் சிறிது குறைவு என்று அதற்கடுத்த ஆண்டு தெரியவந்தது.

இரண்டு விளக்கங்கள் தரப்படுகின்றன; இரண்டுமே சேர்ந்து நடக்கக்கூடும். கழன்று போன ஒவ்வோர் ஏற்பியும் செல்லின் மேல் ஓர் இடத்தைக் காலியாக்கிவிட்டுத்தான் போகிறது; ஆகவே கல்லீரலும் வெள்ளணுக்களும் இண்டர்லூகின்-6ஐ முன்னைவிடக் குறைவாகவே உணர்கின்றன. இரண்டாவதாக, இரத்தத்தில் ஜிபி130இன் மிதக்கும் வடிவமும் தாராளமாக இருக்கிறது. மிதக்கும் ஏற்பியும் மிதக்கும் ஜிபி130ம் சேர்ந்து இண்டர்லூகின்-6ஐச் சிறைப்பிடித்து வைக்கின்றன. ஆகவே ஒரு புரதத்தின் அளவை மட்டும் பார்த்து, கூடினால் கெடுதல், குறைந்தால் நன்மை என்று முடிவு கட்டிவிட முடியாது. அது எங்கே நிற்கிறது, யாரோடு நிற்கிறது என்பதைக் கேட்டாக வேண்டும். இந்த மரபணுவைப் பற்றி ஒரே ஒரு செய்திதான் சொல்ல நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் சொல்வேன். இதே அலனின் வடிவம் ஆஸ்துமாவுக்கான வாய்ப்பைச் சற்றே கூட்டுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூட்டுக்கும் இதயத்துக்கும் நல்லது, மூச்சுக்குழாய்க்கு அவ்வளவு நல்லதன்று.

மருந்தின் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஏற்பியின் மேல் ஒட்டிக்கொண்டு, இண்டர்லூகின்-6க்கு இடமில்லாமல் செய்யும் டோசிலிசுமேப் என்ற எதிர்ப்பொருளை ஒசாகா பல்கலைக்கழகமும் சுகாய் நிறுவனமும் உருவாக்கின. ஜப்பானில் 2005இல் காசில்மன் நோய் என்ற அரிய நிணநீர்முடிச்சு நோய்க்கும் 2008இல் முடக்குவாதத்துக்கும், அமெரிக்காவில் 2010இல் முடக்குவாதத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. அம்மாவின் எடை ஐம்பது கிலோ. கிலோவுக்கு 8 மில்லிகிராம் வீதம் 400 மில்லிகிராம் குப்பி ஒன்று சரியாகப் போதும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, தெர்மகோல் பெட்டியில் பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே அதை வைத்து எடுத்துக்கொண்டு போவோம். உப்புநீர்ப் பாட்டிலில் கலந்து ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு அம்மா வெந்நீர்ப் பாத்திரத்தைக் கேட்கவில்லை.

இந்த மருந்து ஏறிய பிறகு இரத்தத்தில் இண்டர்லூகின்-6 குறைவதில்லை, கூடுகிறது. ஏனெனில் ஏற்பி இந்தச் சைட்டோகைனின் செய்தியைக் கேட்பதோடு அதை உள்வாங்கி அப்புறப்படுத்தவும் செய்கிறது. ஏற்பி அடைக்கப்பட்டதும் செய்தி கேட்பாரற்றுத் தேங்கி நிற்கிறது. மருந்தைப் பெறுபவருக்கு யாராவது இண்டர்லூகின்-6 அளந்து பார்த்துவிட்டு நோய் முற்றிவிட்டது என்று சொன்னால் அது தவறான முடிவு.

அதே காரணத்தால்தான் 1.8 என்ற எண்ணும் எங்களைத் தவறான பக்கம் திருப்பியது. சி.ஆர்.பி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில், 1930இல், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில். நிமோகாக்கஸ் பாக்டீரியாவின் செல்சுவரில் உள்ள சி-பாலிசாக்கரைடு என்ற பொருளோடு வினைபுரிந்த காரணத்தால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. நிமோனியா என்றால் சி.ஆர்.பி. உயரும் என்பது அவ்வளவு பழைய அறிவு. ஆனால் அந்த உயர்வுக்கான ஆணை, கல்லீரலில் இருக்கும் ஐஎல்6ஆர் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். அம்மாவின் கல்லீரலில் அந்த ஏற்பிகள் மூன்று வாரங்களுக்கு முன்பு ஏற்றிய எதிர்ப்பொருளால் மூடப்பட்டிருந்தன. நுரையீரலில் நெருப்பு இருந்தது, புகைபோக்கிதான் அடைபட்டிருந்தது. காய்ச்சலை ஏற்றுவதிலும் இண்டர்லூகின்-6க்குப் பங்கு இருப்பதால் உடம்பும் சுடவில்லை. நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கையையும் இந்த மருந்து குறைப்பதால் இரத்த அணு அறிக்கையும் துணைக்கு வரவில்லை. அந்த மருத்துவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. கோப்பின் முதல் பக்கத்திலேயே மருந்தின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. ஆனாலும் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டியிருக்க வேண்டியவள் நான்.

இந்த ஏற்பியே இல்லாமல் பிறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் மனிதரிலேயே சான்று இருக்கிறது. ஐஎல்6ஆரின் இரு பிரதிகளும் பழுதான இரண்டு நோயாளிகளைப் பற்றி 2019இல் ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. திரும்பத் திரும்ப வரும் தொற்றுகள், தோல் கரப்பான், ஒவ்வாமையோடு தொடர்புடைய ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளின் மிக உயர்ந்த அளவு, தொற்றின்போதும் முறையாக உயராத சி.ஆர்.பி. ஆகியவை அவர்களிடம் காணப்பட்டன. அழற்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் அதை முழுவதுமாக அணைத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் இந்த இருவரையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அணைக்க வேண்டிய தருணங்களும் உண்டு. 2012இல் ஃபிலடெல்ஃபியாவில், மாற்றியமைக்கப்பட்ட டி செல்களால் இரத்தப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற எமிலி ஒயிட்ஹெட் என்ற சிறுமி, சைட்டோகைன் பெருக்கத்தால் உயிருக்குப் போராடியபோது, டோசிலிசுமேப் கொடுக்கப்பட்டதும் விரைவில் மீண்டார். அந்த அனுபவமே பின்னர் கோவிட் காலத்தில் மருத்துவர்களை இந்த மருந்தின் பக்கம் திருப்பியது. பிரிட்டனின் ரெகவரி ஆய்வில் 4,116 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 35 விழுக்காட்டினரும் டோசிலிசுமேப் சேர்த்துப் பெற்றவர்களில் 31 விழுக்காட்டினரும் 28 நாட்களுக்குள் இறந்தனர். நூறு பேரில் நால்வர் என்பது சிறிய எண்ணல்ல. சேர்க்கப்பட்டவர்கள் ஆக்சிஜன் குறைந்தும் சி.ஆர்.பி. 75க்கு மேல் ஏறியும் இருந்தவர்கள் என்பதையும், அவர்களில் பெரும்பாலோர் ஸ்டீராய்டும் பெற்றார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவெங்கும் இந்த மருந்து கிடைக்காமல் போனது. இறக்குமதியை மட்டுமே நம்பியிருந்த மருந்து அது. வந்த சில குப்பிகளும் மாநிலங்களுக்குப் பங்கிடப்பட்டன. அம்மாவின் மே மாதத் தவணையும் ஜூன் தவணையும் தவறின. திருச்சியில் நான் விசாரிக்காத மருந்துக்கடை இல்லை. ஒருவர் தொலைபேசியில் மும்மடங்கு விலை சொன்னார். வேறொருவரின் தந்தை அதே குப்பிக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் காத்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு அந்தப் பேச்சைத் தொடர எனக்கு மனம் வரவில்லை. ஏழாவது வாரத்தில் வெந்நீர்ப் பாத்திரம் மீண்டும் அடுப்பில் ஏறியது. அந்த மாத சி.ஆர்.பி. 37.

இனி வரப்போவதில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது, ஏற்பியின் இரு வடிவங்களையும் பிரித்து அணுகும் முயற்சி. டோசிலிசுமேப் செல்லில் நிற்கும் ஏற்பியையும் மிதக்கும் ஏற்பியையும் ஒருசேர அடைக்கிறது. குடலின் உட்சுவர் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்கு இண்டர்லூகின்-6 உதவுகிறது. இந்த மருந்தால் அரிதாகக் குடலில் துளை விழுவதை அதோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். ரோஸ்-ஜானின் ஆய்விலிருந்து பிறந்த ஒலாம்கிசெப்ட், மிதக்கும் ஏற்பியோடு சேர்ந்த இண்டர்லூகின்-6ஐ மட்டுமே பிடிக்கும் வகையில் ஜிபி130இலிருந்து வடிவமைக்கப்பட்டது. பெருங்குடல் புண் அழற்சி உள்ளவர்களிடம் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. 600 மில்லிகிராம் பெற்றவர்களில் 58.6 விழுக்காட்டினரும் மருந்தில்லாத ஊசி பெற்றவர்களில் 34.5 விழுக்காட்டினரும் பன்னிரண்டாம் வாரத்தில் முன்னேற்றம் கண்டிருந்தனர். முடக்குவாதத்தில் இந்த அணுகுமுறை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

அம்மா பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். நுரையீரல் முழுமையாகத் தெளிந்த பிறகே, பிப்ரவரி மாதத்தில், அடுத்த தவணை ஏற்றப்பட்டது. கோப்பின் முன் அட்டையில் இப்போது சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: டோசிலிசுமேப் பெறுபவர், சி.ஆர்.பி.யும் காய்ச்சலும் இயல்பாக இருந்தாலும் தொற்று இருக்கலாம். மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, எக்ஸ்ரே ஆகியவற்றைப் பார்க்கவும். பென்சில் தாளில் சி.ஆர்.பி.க்குப் பக்கத்தில் புதிதாக ஒரு நிரலும் இருக்கிறது. இரவில் அம்மா தூங்கிய பிறகு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி எழுதுகிறேன். நேற்று 16.